நான் ஒதுக்கிய மூன்று இலக்கங்கள்

தம்பி,

இதை ஷெரினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி. தனியாக வாசிக்காதே. உனக்குத் தமிழ் வாசிப்பது மெதுவாகத்தான் வரும் என்று தெரியும். விளங்காத இடத்தில் அவளைக் கேள், அவள் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள்தானே. உன் கல்யாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான் இருக்கிறது. மண்டபம், சாப்பாடு, கார் எல்லாவற்றையும் நீங்கள் இரண்டு பேருமே பார்த்துக்கொள்கிறீர்கள், எனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. எனக்கு இருக்கிற ஒரே வேலை இதுதான். அம்மா செத்தது உன்னால் இல்லை. மூன்று வருடமாக நீ அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது பிழை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், எனக்கு மறைக்க இனி ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து ஷெரின் தனியாக என் வீட்டுக்கு, பார்க்கிங்குக்கு, வந்தாள். வருகிற வழியில் அப்டன் பார்க் ஸ்டேசனில் இறங்கி எனக்கு மீன் வாங்கி வந்திருந்தாள். குசினியில் அதைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அங்கிள், அவர் ஃபோனை ஒருநாளும் சைலன்ட்ல போடுறேல்ல. படத்துக்குப் போனாலும் கையில பிடிச்சபடிதான். கல்யாணத்தண்டைக்கும் பொக்கற்றுக்க வச்சிருப்பாராம். ஏன் எண்டு கேட்டனான். அம்மா ஃபோன் அடிக்கேக்க நான் எடுக்கேல்ல எண்டார்." நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். அவள் பயந்துபோய், "என்ன அங்கிள், சுகமில்லையோ?" என்று ஓடிவந்தாள். நல்ல பிள்ளை அவள். "ஒண்டுமில்லைப் பிள்ளை, வெயில்" என்றேன். வெளியில் மழை பெய்துகொண்டிருந்தது.

நான் யார் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. உனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து நான் பெற்றோல் செட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று காசு வாங்குகிறவன். வருகிறவன் போகிறவன் எல்லாம் "போஸ்" என்பான், மரியாதையில் இல்லை, பெயர் தெரியாததால். ஆனால் யாழ்ப்பாணத்தில் நான் கணித மாஸ்டர். உயர்தரப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொட்டிலில் நிகழ்தகவு படிப்பித்தவன். பையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற பந்துக்கு, போன தடவை எது வந்தது என்ற ஞாபகம் கிடையாது என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் மண்டையில் ஏற்றினவன். லண்டனுக்கு வந்து இருபது வருடத்தில் ஒருவரும் என்னிடம் ஒரு கணக்குக் கேட்டதில்லை. அது ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாப்பாடு இருக்கிறது, வீடு இருக்கிறது, பிள்ளை படிக்கிறான், பிறகு என்ன குறை என்று எனக்கு நானே ஏசிக்கொள்வேன். குறை இருந்தது.

கோவில் பங்கு மண்டபத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து லொத்தர் போடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு மூலையில் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். மினிகாப் ஓடுகிற மரியதாஸ் அண்ணைதான் தலைவர். ஒரு நாள் அவர், "மாஸ்டர், நீங்கள் கணக்குப் படிச்ச ஆள், எங்களுக்கு நல்ல இலக்கமாப் பாத்துத் தாங்கோவன்" என்றார். பகிடிக்குத்தான் கேட்டார். எனக்கு அந்த "மாஸ்டர்" காதில் விழுந்ததும் உடம்பு சிலிர்த்தது. அன்று பின்னேரமே உன் பழைய லப்டொப்பில் அந்த மென்பொருளை இறக்கினேன்.

அது என்ன செய்யும் என்றால், பழைய குலுக்கல்களை எல்லாம் அதற்குள் ஏற்றினால், ஐம்பத்தொன்பது பந்துகளில் எது அண்மையில் அடிக்கடி வந்தது, எது கனநாளாய் வரவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு கீறிக் காட்டும். கோடு சும்மா மேலும் கீழும் துள்ளும், பார்த்தால் ஒன்றும் விளங்காது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், போக்கு வடிகட்டி என்று. அதில் ஒரு சரி அடையாளம் போட்டால், அது சராசரி எடுத்து எடுத்து நகர்ந்து போகும். அதிகமாகத் துள்ளுகிறவற்றை விதிவிலக்கு என்று தூக்கி எறியும். மிஞ்சுவது ஒரு வழுவழுப்பான வளைவு. இந்தப் பந்து ஏறுகிறது, அந்தப் பந்து இறங்குகிறது என்று யாருக்கும் சொல்லலாம். எனக்குத் தெரியும் அது ஒன்றும் இல்லை என்று. தெரிந்துகொண்டுதான் போட்டேன். ஆனால் கேள், ஒரு வளைவு அழகாக இருந்தால் மனம் அதை நம்பத் தொடங்கிவிடும். முதல் மாதம் அவர்களை ஏமாற்றுகிறேன் என்று தெரிந்தது. ஆறாம் மாதம் என்னையே நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன், அது தெரியவில்லை.

மண்டபத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. ஞாயிறு தோறும் அதில் கோடு கீறி விளங்கப்படுத்துவேன். பன்னிரண்டு தலை நரைத்த மனிதர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். ஒரு தடவை நான்கு இலக்கம் சரிவந்தது. பன்னிரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பிரியாணிக் காசு. ஆனால் அன்றையில் இருந்து எனக்கு இருந்த மரியாதை சுவாமியாருக்கும் இல்லை. அம்மா பின்னால் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கேட்பாள். வீட்டுக்கு வந்ததும் தொடங்குவாள், "ஏனப்பா, பந்துக்குத் தெரியுமே போன கிழமையும் தான்தான் வந்தது எண்டு?" பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள், நான் படிப்பித்த முழுப் பாடத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஆனால் ஆட்களுக்கு முன்னால் ஒரு நாளும் சொன்னதில்லை. யாராவது பகிடி பண்ணினால், "எங்கட மாஸ்டரின்ர கணக்குப் பிழைக்காது" என்று அடித்துச் சொல்லுவாள். நீ பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த நேரம் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, தட்ஸ் ஜஸ்ட் நொய்ஸ்" என்றாய், அர்த்தமில்லாத வெறும் இரைச்சல் என்று. "எனக்கே படிப்பிக்க வெளிக்கிட்டிட்டியோ?" என்று கத்தினேன். இரண்டு கிழமை உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீ சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

இனிச் சொல்லப் போவதுதான் உனக்குத் தெரியாதது.

அந்த வருடம் அம்மாவுக்குப் பிரஷர் கூடிக் குறைந்து கொண்டிருந்தது. எங்கள் குடும்ப டொக்டரின் ஜிபி கிளினிக்கில் இருந்த நேர்ஸ், வீட்டில் மெஷின் வைத்து ஏழு நாளைக்குக் காலையும் மாலையும் அளந்து, வருகிறதை அப்படியே எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். அம்மா ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதினாள். தான் வேலை செய்கிற பள்ளிக்கூடக் கன்ரீனில் கேட்டு வாங்கிய கொப்பி. ஏழாம் நாள் நான் அதை வாங்கிப் பார்த்தேன். ஒரு நாள் நூற்று நாற்பது, அடுத்த நாள் நூற்று எண்பத்தைந்து, பிறகு நூற்று முப்பத்தெட்டு, இப்படித் துள்ளிக்கொண்டு கிடந்தது. எனக்கு அந்தத் துள்ளல் பிடிக்கவில்லை. "இதை இப்பிடிக் குடுத்தா நேர்சுக்கு என்ன விளங்கும்? தாரும், நான் ஒழுங்குபடுத்தித் தாறன்" என்றேன். அந்த மென்பொருளில் எந்த எண் வரிசையையும் ஏற்றலாம். அதற்குப் பந்தும் தெரியாது, இரத்தமும் தெரியாது. ஏற்றினேன். வடிகட்டிப் பெட்டியில் சரி போட்டேன். மூன்று இலக்கங்கள் காணாமற் போயின, கோடு அமைதியாகி மெல்லக் கீழே இறங்கிற்று.

போன மூன்றும் எல்லாவற்றிலும் கூடியவை. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், மூன்றுக்கும் காரணம் கண்டுபிடித்தேன். ஒன்று, அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியேறி வந்தவள். மற்றது, அன்று காலை என்னோடு சண்டை பிடித்தவள். மூன்றாவது, கையில் பட்டி சரியாகக் கட்டுப்படவில்லை. கூடினதுக்கு எல்லாம் காரணம் தேடினேன், தம்பி. குறைந்ததுக்கு ஒரு காரணமும் தேடவில்லை. பிறகு புதுத் தாளில் என் கையெழுத்தில், மாஸ்டர் கையெழுத்தில், மிச்ச இலக்கங்களை வடிவாக எழுதி, கீழே சராசரியும் போட்டுக் கொடுத்தேன். அம்மா வாங்கிப் பார்த்தாள். "மூண்டு குறையுதப்பா" என்றாள். "அது கணக்கில வராது" என்றேன். தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நேர்ஸில் ஒரு பிழையும் இல்லை, அவள் முன்னால் இருந்தது என் தாள். அதே பிரஷர் குளிசையையே போடச் சொல்லி ஃபோன் வந்தது. நான் சந்தோசமாய், "பாத்தீரே? இனி அளக்கிறதை நிப்பாட்டும்" என்றேன்.

மூன்று கிழமை கழித்து அந்தச் சனிக்கிழமை. பின்னேரம் மூன்று மணி இருக்கும். இரவுக் குலுக்கலுக்காக நான் முன்னறையில் இலக்கங்களை வடிகட்டிக்கொண்டிருந்தேன். அம்மா குசினியில் இருந்து வந்து, "இஞ்சருங்கோ, தலை ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் படும்" என்றேன், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். அவள் தானே மெஷினை எடுத்து வந்து எனக்குப் பக்கத்தில் சோபாவில் இருந்து அளந்தாள். "நூற்றுத் தொண்ணூற்றெட்டுக் காட்டுது. ஆம்புலன்சுக்கு அடிப்பமே?" என்று கேட்டாள். "சும்மா பதறாதேயும், ஒண்டை வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது, திரும்ப எடும்" என்றேன். மூன்று தரம் எடுக்க வைத்தேன். மூன்றாவது கொஞ்சம் குறைவாய் வந்தது. அதை மட்டும் ஏற்றினேன்.

அப்போதுதான் அவள் உனக்கு ஃபோன் அடித்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, என்னை விட்டுவிட்டு, ரெடிங்கில் இருக்கிற உனக்கு அடித்தாள். நீ நண்பர்களோடு பந்தடித்துக்கொண்டிருந்தாய், ஃபோன் பையில். அவளுக்கு அது தெரியும். "சனிக்கிழமையெல்லே, பிள்ளை விளையாடப் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். கோபமோ கவலையோ அவளுடைய குரலில் இல்லை. நீ அதை நம்பவேண்டும், நான் அந்தக் குரலைக் கேட்டவன். பிறகு என் பக்கம் திரும்பி, "இடக்கை விறைச்ச மாதிரிக் கிடக்கப்பா" என்றாள். நான் லப்டொப்பைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். "பாரும், கோடு கீழதான் வருது." அவள் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தாள். "ஓம், கீழதான் வருது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்ப் படுத்தாள். நான் பன்னிரண்டு பேருக்கும் இலக்கங்களை அனுப்பிவிட்டு, தேத்தண்ணி போட்டுக்கொண்டு அறைக்குப் போனபோது ஐந்தரை. அவளுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து என்னவோ சொல்ல முயன்றாள், சொல் வரவில்லை.

உனக்கு அவள் அடித்தது ஒரு தரம், உன் ஃபோன் பைக்குள் கிடந்தது. எனக்கு அவள் மூன்று தரம் சொன்னாள், என் காதுக்குள்.

ஆஸ்பத்திரிக்கு நீ பந்தடித்த உடுப்போடேயே ஓடிவந்தாய். முழங்காலில் சேறு. ஃபோனைத் தூக்கிக் காட்டி, "அப்பா, அம்மா அடிச்சவ, நான் எடுக்கேல்ல, நான் எடுக்கேல்ல" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் குழறினாய். நான் உன் முதுகைத் தடவி, "அழாதை ராசா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த இடத்தில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அம்மா கிடந்த ஒன்பது நாளும் சொல்லவில்லை. செத்த வீட்டில் மரியதாஸ் அண்ணை உன்னைக் கட்டிப்பிடித்து, "நீ என்ன தம்பி செய்வாய், உனக்குத் தெரியுமே?" என்று தேற்றியபோது பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லவில்லை. உன் தலையில் அந்தப் பாரம் ஏறுகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். அது உன்னில் ஏறினால் என்னில் ஏறாது என்று எங்கேயோ ஒரு கேவலமான கணக்கு எனக்குள் ஓடிற்று. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அடுத்த ஞாயிறே அந்த வெள்ளைப் பலகைக்கு முன்னால் போய் நின்றவன் நான். அதையும் தெரிந்துகொள்.

மூன்று மணிக்கே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாளா? டொக்டரிடம் கேட்டேன், அப்படி ஒன்றும் நிச்சயமாகச் சொல்ல ஏலாது என்றார். நானும் அதைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் தொங்கினேன். இப்போது அதுவும் என் கையை விட்டுப் போய்விட்டது.

ஷெரின் போன பிறகு அம்மாவின் அலுமாரி லாச்சியைத் திறந்தேன். அந்தக் கொப்பி அங்கே கிடந்தது. ஏழு நாளும் எனக்குத் தெரிந்ததுதான். பக்கத்தைப் புரட்டினேன். எட்டாம் நாள் இருந்தது. ஒன்பதாம் நாள் இருந்தது. நான் நிறுத்தச் சொன்ன பிறகும் அவள் நிறுத்தவில்லை, தம்பி. மூன்று கிழமையும், காலையும் மாலையும், நான் வேலைக்குப் போன நேரத்தில் அளந்து எழுதி வைத்திருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை காலை வரைக்கும் இருக்கிறது. அதில் துள்ளல் கூடத் தெரியவில்லை, ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நான் இத்தனை நாளும், பாவம், என்னை நம்பிப் பேசாமல் இருந்தாள் என்று நினைத்து அழுதேன். அவள் நம்பவே இல்லை. திரும்ப ஜிபிக்குப் போவதென்றால், என் புருசன் எழுதித் தந்த தாள் பிழை என்று ஒரு அந்நியப் பெண்ணுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதை அவளால் சொல்ல ஏலாமற் போயிற்று என்றுதான் நினைக்கிறேன். பந்து விசயத்தில் மண்டபத்தில் என்னை எப்படிக் காப்பாற்றினாளோ, அப்படியே இதிலும் காப்பாற்றினாள். என் மரியாதை அவளுக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. எனக்கு அவள் உயிர் அவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. ஐயோ, இதை எழுதக் கை வருகுதில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒரு தகுதியும் இல்லை. ஆனாலும் தகப்பன், சொல்லத்தான் வருகிறது. நீயும் இலக்கங்களோடு வேலை செய்கிறவன். அந்தப் பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவராதே. ஷெரின் இருபத்தொன்பது நாள் சிரித்து ஒரு நாள் அழுதால், சராசரியாகச் சந்தோசமாக இருக்கிறாள் என்று எழுதிவிடாதே. அந்த ஒரு நாளைப் பார். அவள் ஏலாது என்றால் ஏலாதுதான், திரும்ப அளக்கச் சொல்லாதே. அவள் உன்னை எல்லாருக்கும் முன்னால் விட்டுக்கொடுக்காமல் கதைத்தால், வீட்டுக்கு வந்து, "உண்மையாய் நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேள். நான் முப்பது வருடத்தில் ஒரு தரம் கேட்டிருந்தால் போதும். மரியதாஸ் அண்ணைக்கும் மற்றவர்களுக்கும் வருகிற ஞாயிறு இதே கதையை வாயால் சொல்லப் போகிறேன். அவர்கள் காறித் துப்பினாலும் சரி.

கோவிலுக்கு வெளிக்கிட முன்னம் பிள்ளை முழங்காலில் நிற்க, தாயும் தகப்பனும் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்து அனுப்புவது எங்கள் வழக்கம். அம்மா இல்லை, நான்தான் போட வேண்டும். நீ ஒன்றும் தெரியாமல் என் காலடியில் முழங்காலில் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் இன்றைக்கு எழுதினேன். கொப்பியையும் இதோடு வைத்து அனுப்புகிறேன், கடைசிப் பக்கம் வரை பார். என்னோடு கோபித்துக்கொள், ஏசு, வேண்டுமானால் கல்யாணத்துக்கு வரவேண்டாம் என்று சொல். மரியதாஸ் அண்ணையைச் சிலுவை போடச் சொன்னாலும் எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. ஏன் தகப்பன் வரவில்லை என்று ஆட்கள் கேட்டால் நீ பதில் தேடி முழிக்காதே, என்னட்டை அனுப்பு. இந்தக் கடிதத்துக்குப் பதிலும் எழுத வேண்டாம். கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கே குளித்து வெளிக்கிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன். பத்து மணி வரைக்கும் நீ வராவிட்டால் சாத்திக்கொள்வேன். உன்னில் ஒரு பிழையும் இல்லை, ராசா. அந்தச் சனிக்கிழமையும் இல்லை, கல்யாணத்தன்று காலை நீ வராவிட்டாலும் இல்லை.

அப்பா